அனுமந்தர ஒலி



சென்ற ஆண்டு ஒரு பிற்பகலில், என் மகள் வீட்டுச் சமையலறையில் அடுக்கியிருந்த எவர்சில்வர்த் தட்டுகள் தாமாகவே நடுங்கத் தொடங்கின. ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுவென்று ஒலித்தன. காரணம் எனக்குப் புலப்படவில்லை. என் மகளோ சலிப்புடன் எழுந்து சென்று அடுத்த அறையின் கதவைத் தட்டினாள். உள்ளே, கல்லூரியில் படிக்கும் என் பேரன், கணிப்பொறிக்கு முன்னால் அமர்ந்து, முகத்தைச் சுளித்தபடி ஒலியளவை இன்னும் உயர்த்திக்கொண்டிருந்தான்.

"எனக்கு அடிச்சுரம் கேட்கவே மாட்டேனென்கிறது, அதற்குள் சத்தம் என்கிறாயே, அம்மா!" என்றான்.

சுவருக்கு அப்பால் தட்டுகள் ஆடுகின்றன. ஒலிபெருக்கிக்கு முன்னால், கைக்கெட்டும் தொலைவில் இருப்பவனோ ஒன்றும் கேட்கவில்லை என்கிறான். இருவரில் எவரும் பொய் சொல்லவில்லை. தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றாலும், அதற்கு முன் நெடுங்காலம் இயற்பியல் கற்பித்தவன் நான். இந்த முரண்பாட்டை அப்படியே விட்டுவிட்டுப் போக என் மனம் இடங்கொடுக்கவில்லை. அதைத் துருவிப் பார்த்ததில் நான் கற்றவற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

என் பேரன் இயற்றுவது மின்னணு இசை. நரம்பும் தோலும் துளையும் இல்லாத இசை அது. ஓர் அலையியற்றி அலையை உண்டாக்கும். வடிகட்டி அதைச் செதுக்கும். ஒலிபெருக்கி அதைக் காற்றில் இறக்கும். இவ்வகை இசையில், மற்றெல்லாச் சுரங்களுக்கும் அடியில், கட்டடத்தின் கடைக்கால் போல ஓர் ஆழ்ந்த ஒலி ஓடிக்கொண்டிருக்கும். இளைஞர்கள் அதனைச் 'சப்-பாஸ்' என்பர். நம் சங்கீத வழக்கில் அதற்கு ஓர் இடம் குறிப்பதானால், அனுமந்தர ஸ்தாயி என்று கூறலாம். ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆண் பாடகரின் மத்திய ஸ்தாயி ஸட்ஜம் ஏறத்தாழ 131 ஹெர்ட்ஸ். அதாவது விநாடிக்கு 131 அதிர்வுகள். மந்தர ஸட்ஜம் அதில் பாதி, 65. இன்னும் ஒரு ஸ்தாயி இறங்கினால் 33. மனிதக் குரல் எளிதில் எட்டாத பாதாளம் அது. ஏறத்தாழ 20 முதல் 60 ஹெர்ட்ஸ் வரையுள்ள இப்பகுதியே சப்-பாஸின் இருப்பிடம். மனிதச் செவியின் கீழெல்லையும் அந்த 20 தான். ஆகவே, கேள்வியின் வாசற்படியில் நின்றுகொண்டு உள்ளே வரலாமா வேண்டாமா என்று தயங்கும் ஒலி இது என்று சொல்லலாம்.

இந்த வாசற்படி ஒலிக்கு இசையில் அரியாசனம் தந்தவர்கள் செல்வர்கள் அல்லர். 1950-களில் ஜமைக்காத் தீவின் தலைநகரான கிங்ஸ்டனில், முற்றங்களிலும் திறந்தவெளிகளிலும் ஆளுயர ஒலிபெருக்கிப் பெட்டிகளை அடுக்கி, இசைத்தட்டுகளை முழக்கி மக்கள் ஆடினர். இவ்வமைப்புகளுக்குச் 'சவுண்டு சிஸ்டம்' என்று பெயர். அந்நகரில் மின்கருவிகளைப் பழுது பார்க்கும் தொழிலாளி ஒருவர் இருந்தார். ஆஸ்பர்ன் ரடக் என்பது இயற்பெயர். உலகம் அவரைக் கிங் டப்பி என்று அறியும். 1970-களின் தொடக்கத்தில், பதிவான பாட்டிலிருந்து அவர் குரலை எடுத்துவிட்டார். கித்தாரையும் இடையிடையே எடுத்துவிட்டார். முரசையும் அடிச்சுரத்தையும் மட்டும் நிற்கவிட்டார். இதுவே 'டப்' என்னும் இசைமுறையாயிற்று. அவர் அடிச்சுரத்தைப் பெரிதாக்கிய வழியைக் கவனியுங்கள்: சுற்றியிருந்தவற்றைக் குறைத்தே அதனைப் பெரிதாகக் கேட்கச் செய்தார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

கரீபியத் தீவுகளிலிருந்து இங்கிலாந்தில் குடியேறியோர் அந்த ஒலிப்பெட்டிகளின் பழக்கத்தையும் உடன் கொண்டு சென்றனர். அதன் வழிவந்தவையே 1990-களில் லண்டனில் எழுந்த 'ஜங்கிள்' இசையும், 2000-களின் தொடக்கத்தில் தெற்கு லண்டனின் குராய்டன் பகுதியில் தோன்றிய 'டப்ஸ்டெப்' இசையும். மற்றொரு கிளை ஜப்பானில் முளைத்தது. 1980-இல் ரோலண்டு நிறுவனம் டி.ஆர்.-808 என்னும் தாளப்பொறியை வெளியிட்டது. அதன் முரசொலி மெய்யான முரசைப்போல் இல்லை என்று பலர் குறை கூறினர். 1983-இல் உற்பத்தியும் நின்றது. பழைய பொறிகளை மலிவாக வாங்கிய இளைஞர்களோ, குறையென்று சொல்லப்பட்டதிலேயே புதையல் கண்டனர். அம்முரசு தட்டியவுடன் அடங்காது. மணியின் கார்வைபோல் நீண்டு, ஏறத்தாழ 50 ஹெர்ட்ஸில், தூய சைன் அலையாக ஒலித்து ஓயும். அந்தக் கார்வையை நீட்டி, சுரம் மாற்றி, முரசையே அடிச்சுரமாக வாசித்தனர். இன்று உலகெங்கும் 'எண்ணூற்றெட்டு' என்றாலே அவ்வொலியைக் குறிக்கும் பெயராகிவிட்டது.

இனி என் பேரனிடம் வருவோம். அவனுக்கு நேர்ந்த இடர் இரண்டு. தன் பாட்டைக் கல்லூரி விழாவில் பெரிய ஒலிபெருக்கிகளில் ஒலிக்கச் செய்தான். அடிச்சுரம் வெள்ளமாகப் பெருகி மற்றவற்றை மூழ்கடித்தது. பாதியிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். அதே பாட்டை நண்பர்கள் கைப்பேசியில் கேட்டார்கள். 'டிக் டிக்' என்னும் தாளத்தைத் தவிர அடியில் ஒன்றுமே இல்லையென்று நகைத்தார்கள். ஒரே பாட்டு, ஓரிடத்தில் வெள்ளம், ஓரிடத்தில் வறட்சி. "இனி இதைத் தொடுவதில்லை, தாத்தா. எனக்குக் காது சரியில்லை போலிருக்கிறது" என்றான். பத்தொன்பது வயதுப் பிள்ளை தன் செவியின்மேலேயே நம்பிக்கை இழப்பதைக் கண்டு எனக்கு வருத்தம் உண்டாயிற்று. செவியில் குறையில்லை என்பதை அவனுக்குக் காட்ட வேண்டுமென்று எண்ணினேன். ஆனால், ஒரு வகையில் செவியிலும் குறை உண்டு. அது அவனுக்கு மட்டும் உரியதன்று, நம் அனைவருக்கும் பொது.

1933-இல், அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஃபிளெச்சர், மன்சன் என்னும் இருவர் இக்குறையை அளந்து வெளியிட்டனர். மனிதச் செவி எல்லா அதிர்வெண்களையும் ஒரே கண்கொண்டு பார்ப்பதில்லை. 1000 ஹெர்ட்ஸ் சுரம் ஒன்று 40 டெசிபல் அளவில் மெல்ல ஒலிக்கிறது என்று கொள்வோம். 50 ஹெர்ட்ஸ் சுரமும் அதே அளவு உரத்ததாக நமக்குத் தோன்ற வேண்டுமானால், அது 75 டெசிபலுக்கும் மேலாக ஒலித்தாக வேண்டும். டெசிபல் கணக்கில் 10 கூடினால் ஆற்றல் பத்து மடங்கு. 35 கூடினால் மூவாயிரம் மடங்குக்கு மேல். அவ்வளவு கூலி கொடுத்தால்தான் அடிச்சுரம் மற்றச் சுரங்களோடு சமமாக நிற்கும். ஒலியளவு மிகுந்தால் இந்த ஏற்றத்தாழ்வு குறையும் என்பதையும் அவர்கள் கண்டனர். உரக்க வைத்துக் கேட்கும்போது எந்தப் பாட்டும் அடிச்சுரம் நிறைந்து இனிக்கும். ஒலியைத் தணித்தவுடன் அந்நிறைவு மறைந்துவிடும். உரக்கக் கேட்டுக்கொண்டே அளவு பார்ப்பவன், பசியோடு கடைக்குப் போனவன் கணக்குத் தவறுவதுபோலத் தவறிவிடுவான். இரண்டு பேர் பேசிக்கொள்ளும் அளவில் வைத்து, அடிச்சுரத்தை அங்கே சீர்தூக்கிப் பார்ப்பதே முறை. காதுகளும் பிழைக்கும்.

ஆனால் தட்டுகள் ஆடியதற்கும் அவனுக்குக் கேட்காததற்கும் இது விடையாகாது. "அளவு நாடாவைக் கொண்டு வா" என்றேன். அவன் வியப்புடன் கொண்டு வந்தான். அறையின் நீளத்தை அளந்தோம், 3.5 மீட்டர். பாட்டின் அடிச்சுரம் எது என்று கேட்டேன். ஐந்து கட்டைச் சுரம், 49 ஹெர்ட்ஸ் என்றான். காற்றில் ஒலியின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர். அதை 49-ஆல் வகுக்கச் சொன்னேன். அலைநீளம் 7 மீட்டர் என்று வந்தது. ஏழில் பாதி மூன்றரை. அறையின் நீளமும் மூன்றரை!

ஒத்ததிர்வுத் தம்பச் சோதனையை நீங்கள் செய்திருப்பீர்கள். இசைக்கவையைத் தட்டிக் குழாயின் வாயருகே பிடித்து, நீர்மட்டத்தை ஏற்றி இறக்கிப் பார்க்கிறோம். ஓரிடத்தில் ஒலி திடீரென்று பெருகுகிறது. அங்கே காற்றுத்தம்பத்தில் நிலை அலை உண்டாகிவிட்டது என்று குறிப்பேட்டில் எழுதி, அட்டவணை போட்டு, கையெழுத்து வாங்கிவிட்டு மறந்துவிடுகிறோம். என் பேரனும் அப்படித்தான் மறந்திருந்தான். அவனுடைய அறையே ஒரு குழாய். அவன் அக்குழாய்க்குள் நாற்காலி போட்டு அமர்ந்திருந்தான். இருபுறமும் சுவரால் மூடப்பட்ட இத்தகைய குழாயில், அலைநீளத்தின் பாதி சுவர்களுக்கிடையே சரியாகப் பொருந்தும்போது, சுவர்களின் அருகே காற்றின் அழுத்தம் மிகுதியாக ஏறி இறங்கும். நட்ட நடுவே அழுத்தம் ஏறத்தாழ மாறவே மாறாது. செவி உணர்வது அழுத்த மாற்றத்தை. அவன் நாற்காலியோ, எவர் சொல்லி வைத்தாரோ, அறையின் நட்ட நடுவில் இருந்தது.

"அந்தச் சுரத்தை மட்டும் நிறுத்தாமல் ஒலிக்கவிட்டு, எழுந்து சுவர்வரை மெதுவாக நடந்து போ" என்றேன். நடந்தான். இரண்டடி வைப்பதற்குள் முகம் மாறியது. சுவரை அடைந்ததும் காதைப் பொத்திக்கொண்டான். திரும்பி நடுவுக்கு வந்தான், ஒலி மறைந்தது. மறுபடி சுவருக்குப் போனான். சிறு பிள்ளை ஊஞ்சலாடுவதுபோல நாலைந்து முறை போய் வந்தான். நான் கரும்பலகையில் பலமுறை வரைந்து காட்டியிருக்கிறேன், கணுவையும் எதிர்க்கணுவையும். ஒருவன் அவற்றினூடே நடந்து போவதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

கேளாத இடத்தில் அமர்ந்து, கேட்கும்வரை கூட்டிக் கூட்டி வைத்திருக்கிறான். விழா மண்டபத்தில் அது வெள்ளமாகப் பெருகியதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. அறைச் சுவரில் முட்டை அட்டைகளை ஒட்டி வைத்திருந்தான். ஒலியை அவை உறிஞ்சும் என்று யாரோ சொன்னார்களாம். ஏழு மீட்டர் நீளமுள்ள அலைக்கு ஓரங்குல அட்டை ஒரு பொருட்டா? கடலலையைக் கோரைப்பாயால் தடுக்க முயல்வது போன்றது அது. மேசையைச் சற்று முன்னுக்குத் தள்ளி, தலை இருக்குமிடம் அறை நீளத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கில் அமையுமாறு செய்தோம். முழுத் தீர்வு அதுவன்று. ஆயினும் செலவில்லாத தீர்வு. ஐயம் எழும்போது காதில் அணியும் ஒலிவாங்கியில் கேட்டு ஒப்பிடுவான். அதில் அறைக்கு வேலை இல்லை.

ஒலிவாங்கி என்று சொல்லிவிட்டேன். காதணி ஒலிபெருக்கி என்று சொல்லியிருக்க வேண்டும். பேரன் கேட்டால் சிரிப்பான்.

வெள்ளத்துக்குக் காரணம் தெரிந்தது. வறட்சிக்கு? ஒலிபெருக்கியின் கூம்பு முன்னும் பின்னும் அசைந்து காற்றைத் தள்ளுகிறது. அதே அழுத்தத்தைப் பாதி அதிர்வெண்ணில் உண்டாக்க, கூம்பு நான்கு மடங்கு தொலைவு அசைய வேண்டும். பத்தில் ஒரு பங்கு அதிர்வெண்ணில் நூறு மடங்கு. விரல்நகம் அளவேயுள்ள கைப்பேசி ஒலிபெருக்கி அவ்வளவு அசைவதற்கு எங்கே போகும்? 200, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அது ஏறத்தாழ ஊமை. தூய சைன் அலையில் வேறு சுரக் கலப்பே கிடையாது. 49 என்றால் 49 மட்டுமே. ஊமையான இடத்தில் அது முழுதும் தொலைந்துபோகிறது.

இங்கே ஒரு பழைய கடனைச் சொல்ல வேண்டும். 1988-ஆம் ஆண்டு, மேல்நிலை இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன் வகுப்பு முடிந்தபின் என்னிடம் வந்தான். அவன் தந்தை இராணுவத்தில், வடக்கே எங்கோ எல்லையில் இருந்தார். மாதத்துக்கு ஒருமுறை ஊர் அஞ்சலகத்துத் தொலைபேசியில் மகனோடு பேசுவார். தொலைபேசி 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையுள்ள அதிர்வெண்களையே கடத்தும் என்று அவன் நூலகப் புத்தகம் ஒன்றில் படித்திருந்தான். ஆண்குரலின் அடிப்படை அதிர்வெண் 120 அளவில் இருக்கும் என்பதையும் படித்திருந்தான். "ஐயா, என் அப்பா குரலின் அடிச்சுரம் கம்பியில் வரவே இல்லை என்றால், நான் கேட்பது யாருடைய குரல்?" என்று கேட்டான்.

எனக்கு விடை தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். "இது தேர்வுக்கு வராது, போய் ஒளியியலைப் படி" என்று சொன்னேன். அவன் தலையசைத்துவிட்டுப் போனான். அதன்பின் அவன் என்னிடம் பாடத்துக்கு வெளியே ஒரு வினாவும் கேட்கவில்லை. பேரனின் கைப்பேசியில் தொலைந்துபோன அடிச்சுரத்தைத் தேடப் போன இடத்தில், அந்த மாணவனுக்குரிய விடை எனக்குக் கிடைத்தது.

அந்த விடை புதியதன்று. 1841-இலேயே ஜெர்மானியரான சீபெக், துளையிட்ட வட்டைச் சுழற்றிக் காற்றை ஊதும் சைரன் கருவியைக்கொண்டு, அடிப்படைச் சுரம் மிகவும் நலிந்திருந்தாலும் செவி அதையே சுருதியாகக் கொள்கிறது என்று காட்டினார். மின்தடை விதியால் நீங்கள் அறிந்த அதே ஓம், 1843-இல் அவரை மறுத்தார். சுருதி கேட்க வேண்டுமானால் அந்த அதிர்வெண் அலையில் இருந்தே தீரவேண்டும் என்பது ஓம் கட்சி. பேரறிஞரான ஹெல்ம்ஹோல்ட்ஸும் ஓமின் பக்கம் நின்றமையால், சீபெக்கின் கருத்து நெடுங்காலம் புறக்கணிக்கப்பட்டது. 1940 அளவில் டச்சு நாட்டு அறிஞர் சௌட்டன் அதற்கு உயிர் கொடுத்தார். 1954-இல் அமெரிக்கரான லிக்லைடர், அடிச்சுரம் இருக்க வேண்டிய இடத்தை இரைச்சலால் மூடிக் காட்டினார். அப்போதும் அச்சுரம் கேட்டது! மெய்யாகவே அங்கு ஓர் ஒலி இருந்திருந்தால் இரைச்சல் அதை மறைத்திருக்கும். அச்சுரம் காற்றிலும் இல்லை, செவிப்பறையிலும் இல்லை. கேட்பவனின் மூளை அதை உண்டாக்கிக்கொள்கிறது.

எப்படி என்று கேட்பீர்கள். கணக்குக்கு எளிதாக அடிச்சுரம் 50 என்று வைத்துக்கொள்வோம். வீணை நரம்பு போன்ற எந்த இயற்கைக் கருவியிலும் 50-உடன் 100, 150, 200, 250 என்று சீரிசைகள் சேர்ந்தே வரும். 50-ஐ நீக்கிவிட்டு, 200, 250, 300, 350 ஆகியவற்றை மட்டும் ஒலிக்கச் செய்யுங்கள். இவை நான்கும் சேர்ந்த அலை, விநாடிக்கு 50 முறை தன் வடிவத்தைத் திரும்பக் கொள்ளும். இவற்றின் மீப்பெரு பொதுக் காரணி 50 தானே? நாம் ஆறாம் வகுப்பில் திணறிக் கண்டுபிடித்த அந்த எண்ணை, மூளை நாம் கேளாமலேயே கண்டுபிடித்து, 'இதன் சுருதி ஐம்பது' என்று முடிவு செய்கிறது.

ஆகவே, அந்த மாணவன் கேட்டது அவன் தந்தையின் குரலே. கம்பி கொண்டுவராமல் விட்டதை அவனே நிரப்பிக்கொண்டான். அவர் இன்று எங்கே இருக்கிறார் என்று அறியேன், ஐம்பதைக் கடந்திருப்பார். வானொலி கேட்கும் வழக்கம் அவருக்கு இருக்குமானால், காலங்கடந்த இவ்விடையை ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன்.

நம் முன்னோர் இந்த நுட்பத்தைத் தம்புராவில் செய்து வைத்திருக்கிறார்கள். மந்தரத் தந்தி மிகவும் தாழ்ந்த சுரம். வெறுமனே மீட்டினால் மந்தமாக ஒலிக்கும். தந்திக்கும் குதிரையின் மேற்பரப்புக்கும் இடையே ஜீவாளி என்னும் சிறு நூலை நுழைத்து, மெல்ல நகர்த்தி, ஓரிடத்தில் நிறுத்துகிறார்கள். உடனே தந்தி வண்டுபோல் ரீங்கரித்து, மேற்சுரங்கள் திரளாக எழுகின்றன. அந்த மேற்சுரங்களின் கூட்டத்தாலேயே மந்தர ஸட்ஜம் சபையெங்கும் நிறைகிறது. 1921-இல் சர் சி. வி. ராமன் இக்கருவியை ஆராய்ந்து, பழைய விதிப்படி எழக்கூடாத மேற்சுரங்களும் இதன் வளைந்த குதிரையால் எழுகின்றன என்று எடுத்துக்காட்டினார்.

மின்னணு இசையில் ஜீவாளிக்கு ஈடானது, அலையின் தலையைச் சற்று மழுக்குதல். பெருக்கிக்கு அதன் தாங்குதிறனைக் கடந்த மின்னழுத்தம் கொடுத்தால், சைன் அலையின் உச்சி தட்டையாகும். தட்டையான அலை தூய சைன் அலை ஆகாதாகையால், அதில் சீரிசைகள் பிறந்துவிடும். மேலும் கீழும் ஒரே அளவாக மழுக்கினால் 3, 5, 7 ஆகிய ஒற்றைப்படைச் சீரிசைகள் பிறக்கும். ஒருபுறம் மிகுதியாக மழுக்கினால் இரட்டைப்படையும் சேரும். இன்று கணிப்பொறி இதனைக் கணக்காகவே செய்துவிடுகிறது. இதை அறிந்தவுடன் என் பேரன் அளவு கடந்து மழுக்கினான். அடிச்சுரம் மாவரைக்கும் இயந்திரம்போல் உறுமியது. பிறகு ஒரு நல்ல வழி கண்டான். அடிச்சுரத்தை இரண்டு படிகளாக்கினான். ஒன்றைத் தூய சைன் அலையாகவே விட்டுவிட்டான். மற்றொன்றை மழுக்கி, அதில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை வடிகட்டியால் நீக்கி, மெல்லிய அளவில் மேலே சேர்த்தான். பெரிய ஒலிபெருக்கியில் முதற்படி மார்பில் அதிர்கிறது. கைப்பேசியில் இரண்டாம்படி சுரத்தை நினைவூட்டுகிறது. மார்பதிர்வு கைப்பேசியில் வாராது. எந்த வித்தையாலும் வாராது. பாட்டின் சுரநடை தொலையாமல் இருக்கிறதே, அது போதும்.

இன்னொரு தொல்லை மிஞ்சியிருந்தது. முரசும் அடிச்சுரமும் ஒரே பாதாளத்தில் குடியிருப்பவை. இரண்டும் ஒரே கணத்தில் எழுந்தால் சிலபோது பெருகும், சிலபோது ஒன்றையொன்று அழிக்கும். 50 ஹெர்ட்ஸ் அலை ஒருமுறை ஏறி இறங்க விநாடியில் 50-இல் ஒரு பங்கு, அதாவது 20 மில்லி விநாடி ஆகும். ஒன்று மற்றதைவிட 10 மில்லி விநாடி பிந்தினால், ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தில் விழுந்துவிடும். கண் இமைப்பதைக் காட்டிலும் சிறிய பிசகு; ஆனால் அடித்தளமே சரிந்துபோகும். அதற்கு அவர்கள் கையாளும் முறை நாகரிகமானது. முரசு விழும் அந்தக் கணத்தில் அடிச்சுரம் தானே தணிந்து ஒதுங்கி, முரசு கடந்தபின் மறுபடி எழும். ஒற்றையடிப் பாதையில் சுமையோடு எதிரே வருபவர்க்கு வழிவிட்டு நிற்பதுபோல என்று கொள்ளுங்கள். இதற்கு அவர்கள் 'சைடு செயின்' என்று பெயரிட்டிருக்கிறார்கள்.

பக்கம் பிரித்தல் வேண்டாம் என்பதையும் அவன் கற்றுக்கொண்டான். இடது காதுக்கு ஓரலையும் வலது காதுக்குச் சற்று வேறான அலையும் அனுப்பினால் இசை விரிந்து கேட்கும்; மேற்சுரங்களுக்கு அது அழகு. அடிச்சுரத்தின் அலைநீளம் நம் தலையைப் போல முப்பது நாற்பது மடங்கு இருப்பதால், அது எத்திசையிலிருந்து வருகிறது என்று காது எளிதில் அறியாது. பயனில்லாததோடு, ஒரே ஒலிபெருக்கியில் அவ்விரண்டையும் சேர்க்கும்போது பள்ளமும் மேடும் கலந்து நலியும். இசைத்தட்டு வெட்டியவர்கள் இதை முன்பே அறிவார்கள். இரு பக்கமும் முரண்பட்ட அடிச்சுரம் ஊசியையே தட்டைவிட்டுத் துள்ளச் செய்துவிடும்.

கடைசியாக அவன் செய்ததைச் சொன்னால், கிங் டப்பியை நான் ஏன் நினைவில் வைக்கச் சொன்னேன் என்பது விளங்கும். பாட்டிலுள்ள மற்ற ஒலிகளை ஒவ்வொன்றாகத் தனியே கேட்டான். பியானோவிலும், குரலிலும், கைத்தட்டலிலும்கூட 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வேண்டாத முணுமுணுப்பு ஒளிந்திருந்தது. மின்விசிறியின் ஓசையும், தெருவில் போன லாரியின் அதிர்வும் குரற்பதிவில் படிந்திருந்தன. அவையனைத்தையும் வடிகட்டினான். மூன்று வாரம் இதே வேலை. முடிவில், அடிச்சுரத்தை முன்பிருந்த அளவில் ஏறத்தாழப் பாதியாகக் குறைத்துவிட்டான். கணிப்பொறியில் ஒலிக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அடிச்சுரம் அதிக இடத்தை அடைத்துக்கொண்டால், மற்றவை குன்றித்தான் நிற்க வேண்டும். பாதியாக்கியபின் பாட்டு முழுவதும் உரத்துக் கேட்டது. அடிச்சுரமும் தெளிந்து கேட்டது. சமையலறைத் தட்டுகள் அசையவில்லை. என் மகள்தான் முதலில் அதைக் கவனித்துச் சொன்னாள்.

அடுத்த கல்லூரி விழாவுக்கு என்னையும் அழைத்துப் போனான். அவனுக்கு முன்னால் பாட்டுக் கச்சேரி. மிருதங்கம் வாசித்த இளைஞர் ரவையைப் பிசைந்து தொப்பியின் நடுவே அப்பி, தட்டிப் பார்த்து, கொஞ்சம் கிள்ளி எடுத்து, மறுபடி தட்டிப் பார்த்தார். அப்புவது கூடினால் சுரம் தாழும்; கிள்ளினால் ஏறும். என் பேரன் அவருடைய விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றான்.

பிறகு அவன் பாட்டு ஒலித்தது. இம்முறை எவரும் நிறுத்தச் சொல்லவில்லை. முன்வரிசையில் அமர்ந்திருந்த எனக்குத் தரை காலுக்கடியில் மெல்ல உயிர்த்தது. குரலின் ஒரு சொல்கூட மறையவில்லை. பின்சுவரின் இடது மூலையில் சாய்ந்து நின்ற மாணவர்கள் மட்டும், அங்கே காது அடைத்துப்போயிற்று என்று பின்னர் சொன்னார்கள். மண்டபத்துக்கும் ஒரு நீளம் உண்டல்லவா? அதை நாங்கள் அளக்கவில்லை. அடுத்த முறை நாடாவையும் கையோடு எடுத்து வருவதாகச் சொல்லியிருக்கிறான்.